அப்பா நிறுத்துகிற இடம்

அப்பு,

இதை ஸ்டெல்லா தூங்கும்போது படி. அவளுக்குத் தெரியக்கூடாதது இதில் ஒன்றுமில்லை. ஆனால் படிக்கும்போது உன் முகம் போகிற போக்கைப் பார்த்தால் வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவள் பயந்துவிடுவாள். இப்போது இங்கே மத்தியானம் மூன்று மணி. அப்பா சாப்பிட்டுவிட்டு, பக்கவாதத்தில் விழுந்த வலது கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருக்கிறார். எழுந்திருக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். ஒரு நாளில் எனக்கென்று கிடைப்பது இந்த ஒரு மணி நேரம்தான். வழக்கமாக நானும் இடுப்பைச் சாய்த்துவிடுவேன். இன்றைக்குப் படுக்கவில்லை. நேற்று நீ போனில் சொன்னதற்கு நான் ஒரு பதிலும் சொல்லாமல் விட்டுவிட்டேன். இந்த வீட்டில் பேச்சு போனது அப்பாவுக்குத்தான், ஆனால் நேற்று வாயடைத்து உட்கார்ந்திருந்தது நான். அதனால் எழுதுகிறேன். முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால், முப்பத்தொரு வருஷம் கரும்பலகையில் எழுதின டீச்சரா இவள் என்று சிரிக்காதே. கை ஓய்ந்துவிட்டது.

"ஸ்டெல்லாவுக்குப் பனிக்குட நீர் ரொம்பக் குறைஞ்சிருச்சாம்மா. எட்டு மாசம்கூட முழுசா ஆகல. செவ்வாய்க்கிழமை காலையில ஆபரேஷன் பண்ணிப் பிள்ளைய எடுத்துரலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க" என்றாய். அதுவரைக்கும் உன் குரல் ஆபீஸில் யாரிடமோ பேசுகிற மாதிரிதான் இருந்தது. அப்புறம் லைன் போய்விட்டதோ என்று நான் ஹலோ, ஹலோ என்று கத்துகிறேன். "எனக்குப் பயமா இருக்கும்மா" என்றாய். பிறகு நீயே வைத்துவிட்டாய். அப்பு, இந்த வார்த்தையை நீ என்னிடம் சொல்லிப் பதினாலு வருஷம் ஆகிறது. அது ஏன் நின்றது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைத் தொடாமலே உன் படிப்பு, வேலை, ஓசூர், கல்யாணம் எல்லாவற்றையும் தாண்டி வந்துவிட்டோம். இன்றைக்கு அதைப் பேசாமல் உனக்கு நான் ஆறுதல் சொல்ல வந்தால், அது வெறும் வாய்ப்பேச்சாகப் போய்விடும்.

நம் வீட்டுச் செபம் எப்படி நடக்கும் என்று உனக்கு மறந்திருக்காது. ஏழரை மணிக்கு டிவி நிற்கும். திரு இருதயப் படத்துக்குக் கீழே இருக்கிற சிவப்பு பல்பைப் போடுவேன். பாயை விரிப்பது உன் வேலை. செபமாலையில் பத்துப் பத்து மணியாக ஐந்து பத்து. ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் செபத்தின் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்ல வேண்டும். அப்பா முதல் பத்தும் நான்காவதும், நான் இரண்டாவதும் ஐந்தாவதும், நடுவில் மூன்றாவது உனக்கு. யூகேஜி படிக்கும்போதே அதை உன்னிடம் கொடுத்துவிட்டார் அப்பா. ஒவ்வொரு பத்துக்கும் இயேசுவின் வாழ்க்கையில் அன்றைய கிழமைக்கு உரிய ஒரு நிகழ்ச்சியை நினைக்க வேண்டும் அல்லவா, நீ அதில் ஒரு அநியாயத்தைக் கண்டுபிடித்தாய். "திங்கக்கிழமைன்னா மூணாவது இயேசு பொறக்குறாரு, அது நல்லாருக்கு. செவ்வாக்கிழமை எனக்கு முள்முடிதான் வருது. அது பயமா இருக்கு. செவ்வாக்கிழமை மட்டும் நீங்க எடுத்துக்கங்கம்மா" என்றாய். நானோ பெரிய டீச்சர். "உனக்கு வந்தத நீதான்ப்பா சொல்லணும்" என்று சொல்லிவிட்டேன். அப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நீ அழுதுகொண்டே அந்தப் பத்தைச் சொல்லி முடித்தாய்.

இன்னொரு நாளும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உனக்கு ஆறு வயது. ஐப்பசி மழை. வத்தலக்குண்டு உரக்கடையில் வேலை முடித்துவிட்டு டிவிஎஸ் வண்டியில் ஆறரைக்கெல்லாம் வந்துவிடுகிற அப்பா, ஏழரை ஆகியும் வரவில்லை. அப்போது கையில் போன் கிடையாது. கரண்டும் போய்விட்டது. நான் வாசலுக்கும் அடுப்பங்கரைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். "மணி ஆச்சும்மா" என்று நீயே பாயை விரித்தாய். அப்பாவின் பத்தை நான் எடுத்தேன். பயத்தில் என் வாய் ஓட்டமாக ஓடுகிறது. நீ என் முட்டியில் கையை வைத்து, "மெதுவாச் சொல்லுங்கம்மா. அப்பா வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்" என்றாய். மெதுவாகச் சொன்னோம். ஐந்தாவது பத்தில் அப்பா நனைந்துபோய் வாசலில் வந்து நின்றார். செம்பட்டி தாண்டி வண்டி மக்கர் பண்ணிவிட்டதாம். நான் எழுந்து ஓடப் பார்த்தேன். நீ விடவில்லை. அந்தப் பத்து முடிகிற வரை உட்காரச் சொல்லி அவருக்கும் கையைக் காட்டினாய். சொட்டச் சொட்ட உட்கார்ந்தார் மனுஷன்.

செபம்தான் அவரைக் கொண்டுவந்து சேர்த்தது என்று அன்றைக்கு அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது அப்படிச் சொல்லமாட்டேன். வண்டியைச் சரி பண்ணிக் கொடுத்த யாரோ ஒரு புண்ணியவான் செம்பட்டியில் இருந்தார், அவர் அனுப்பினார் என்றே வைத்துக்கொள். ஆனால் அந்த முக்கால் மணி நேரம் நான் தனியாகப் பயப்படவில்லை. என் கையில் மணி இருந்தது, முட்டியில் உன் கை இருந்தது. வீட்டுச் செபத்தைப் பற்றி எனக்கு இன்றைக்கு நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவுதான்.

இவ்வளவு தெரிந்தவள்தான் உனக்கு அந்தக் காரியத்தைச் செய்தேன். நீ பிளஸ் டூ. அரையாண்டுப் பரிட்சைக்கு முன்னால் ஒரு காலையில், அடுப்பங்கரைக்கு வந்து கதவோரம் நின்றுகொண்டு சொன்னாய். "தினமும் ஸ்கூலுக்குக் கிளம்புறப்ப வாந்தி வருதும்மா. கொஸ்டின் பேப்பரப் பாத்தா கை நடுங்குது. யார்ட்டயும் சொல்லாதீங்க. அப்பாட்டகூட வேணாம்." சொல்லமாட்டேன் என்று உன் தலையில் கை வைத்துச் சொன்னேன். அந்த வாரக் கடைசியில் அன்பியக் கூட்டம் நம் வீட்டில். நம் தெருக் குடும்பங்கள் எல்லாம் மாதத்துக்கு ஒரு வீடு என்று கூடிச் செபிப்போமே, அந்தக் கூட்டம். வீடு நிறைய ஆட்கள். கடைசியில் ஆளுக்கொரு மன்றாட்டு சொன்னார்கள். ஒருத்தி மகளுக்கு வரன் கேட்டாள், ஒருவர் சர்க்கரை குறையக் கேட்டார், இன்னொருத்தி பாதியில் நிற்கிற வீட்டுக்காக அழுதாள். என் முறை வந்தது. நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். நான் கண்ணை மூடிக்கொண்டு, குரலை இழுத்து, "ஆண்டவரே, என் மகன் பரிட்சைக்குப் பயந்து தினமும் காலையில வாந்தி எடுக்குறான். கை நடுங்குது. அவனுக்குத் தைரியத்தக் குடும்" என்றேன். அத்தனை பேரும் ஒரே குரலில், எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றார்கள்.

கண்ணைத் திறந்தபோது நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. அப்புறம் ஒரு அம்மா உன் நெற்றியில் மந்திரித்த எண்ணெய் தடவினாள். இன்னொருத்தி அவள் அண்ணன் மகன் பரிட்சை ஹாலில் மயங்கி விழுந்த கதையைச் சொன்னாள். மறுநாள் நீ சைக்கிளை எடுக்கும்போது, தெருப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு வாந்தி எடுக்கிற மாதிரி நடித்தார்கள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அன்று சாயங்காலம் செபத்தில் மூன்றாவது பத்து வந்ததும் நீ எழுந்து உள் ரூமுக்குப் போய்விட்டாய். நான் பின்னாலேயே வந்து, "ஆண்டவர்ட்டதானடா சொன்னேன்" என்றேன். "ஆண்டவருக்கு மெதுவாச் சொன்னாலும் கேக்கும்மா" என்றாய். அதோடு சரி. அதற்குப் பிறகு நீ பாயில் வந்து உட்காரவே இல்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். விசுவாசம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். உண்மை வேறு. எல்லோரும் பெரிய பெரிய கஷ்டத்தைச் சொல்லி அழுகிறார்கள். அரசாங்கச் சம்பளம், நன்றாகப் படிக்கிற மகன் என்று இருக்கிற எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. கையில் இருந்தது உன் பயம் ஒன்றுதான். அதை எடுத்து நடுவீட்டில் வைத்துவிட்டேன். எல்லோரும் உச்சுக் கொட்டியபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. வெட்கமாக இருக்கிறது அப்பு. பதினாலு வருஷம் கழித்துக் கேட்கிறேன், என்னை மன்னித்துவிடு. உடனே மன்னித்துவிட வேண்டும் என்றும் இல்லை.

நீ எழுந்து போனபிறகு மூன்றாவது பத்தை நானே எடுத்துக்கொண்டேன். அப்பா அந்த இடம் வந்தால் ஒரு இருமல் இருமுவார். உன் ரூம் கதவைப் பார்ப்பார். நான் காத்திருக்கமாட்டேன். அடுப்பில் ஏதாவது இருக்கும், மறுநாள் பாடத் திட்டம் எழுத வேண்டியிருக்கும். சடசடவென்று ஆரம்பித்துவிடுவேன்.

போன வருஷம் ஸ்டெல்லாவுக்கு ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனபோது, "இத்தன வருசமா செபம் சொன்னீங்களே, என்னம்மா கெடச்சுச்சு?" என்று போனில் கேட்டாய்.   அந்தப் பிள்ளைக்காக நானும்தான் கேட்டேன். கிடைக்கவில்லை. அதற்கப்புறம் ஒரு மாதம் வாய் மட்டும்தான் செபம் சொன்னது. மனசு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஆனாலும் ஏழரைக்கு உட்காராமல் இருக்கவில்லை. அதற்குக் காரணம் பக்தி இல்லை, அப்பாதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டிவந்து மூன்று நாள் நீ இங்கே இருந்துவிட்டுப் போனாயே, நீ பஸ் ஏறின அன்று சாயங்காலம் நடந்ததை உன்னிடம் சொன்னதே இல்லை. கடையில் நாளெல்லாம் உரம் வாங்க வருகிற சம்சாரிகளோடு வளவளவென்று பேசின மனுஷனுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம் இருந்தது. தண்ணீர் வேண்டும் என்றால் "அது". பாத்ரூம் போக வேண்டும் என்றாலும் "அது". நான் களைத்துப்போய் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து தனியாகச் செபமாலையை எடுத்தேன். அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்து முன்பாதியை முடித்தேன். கட்டில் மேலிருந்து பின்பாதி வந்தது. முழுசாக, ஒரு எழுத்து பிசகாமல், அவருடைய பழைய குரலில்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண்ணிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "சின்ன வயசிலருந்து சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆனது சில பேருக்கு அப்படியே தங்கிரும்மா. அவரையே சொல்ல விடுங்க, நல்ல பயிற்சி" என்றது அந்தப் பெண். என் பேர் வராது, உன் பேர் வராது, செபம் மட்டும் வருகிறது. முதலில் கோபம்கூட வந்தது எனக்கு. நாற்பது வருஷம் சமைத்துப் போட்டவள் பேர் மறந்துபோச்சாக்கும் என்று சண்டை போட்டேன். அவர் சிரித்தார். அன்றிலிருந்து முன்பாதி அவர், பின்பாதி நான். நாள் முழுக்க இந்த வீட்டில் மிக்ஸி சத்தமும் என் சத்தமும்தான். ஏழரை மணிக்கு மட்டும் என் புருஷன் குரல் கேட்கும். எனக்கும் பயங்கள் இருக்கின்றன அப்பு. நான் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டால் அவர் யாரைக் கூப்பிடுவார்? நான் முந்திப் போய்விட்டால், இந்த "அது" தண்ணீர், அந்த "அது" பாத்ரூம் என்று யாருக்குத் தெரியும்? இந்தப் பயம் எதுவும் செபத்தில் தீரவில்லை. அந்தக் குரல் கேட்கிற நேரம் மட்டும் அது என்னை விட்டுச் செத்த நேரம் தள்ளி உட்காரும். மறுநாள் மறுபடி வரும். நானும் மறுபடி பல்பைப் போடுவேன்.

இப்போது நேற்று நடந்ததைச் சொல்கிறேன். இந்த இரண்டு வருஷமாக அப்பா முதல் பத்து, இரண்டாவது பத்து ஒழுங்காகச் சொல்வார். மூன்றாவது வந்ததும் நிறுத்திவிடுவார். மணியைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பார். "என்னங்க, மறுபடி மறந்துருச்சா?" என்று கேட்டுவிட்டு நானே சொல்லி முடிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொள்வார். நான்காவதை அழகாக எடுத்துச் சொல்வார். டாக்டரிடமே சொன்னேன், மூன்றாவது பத்தில் இவருக்கு மறந்துபோகிறது என்று. "களைப்பா இருக்கும், விடுங்கம்மா" என்றார். மூன்றாவதை மறக்கிற மனுஷனுக்கு நான்காவது எப்படி ஞாபகம் வருகிறது என்று இந்த டீச்சருக்கு ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.

நீ கூப்பிட்டபோது நாங்கள் இரண்டாவது பத்தில் இருந்தோம். அப்பாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். நீ சொன்னதெல்லாம் அவரும் கேட்டார். நீ வைத்தபிறகு அவர் விட்ட இடத்திலிருந்து இரண்டாவது பத்தைத் தொடர்ந்தார். நானும் வேறு வழி தெரியாமல் பின்பாதியைச் சொன்னேன். மூன்றாவது வந்தது. நிறுத்தினார். பழக்க தோஷத்தில் நான் வாயைத் திறந்தேன். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கையில் இன்னும் பலம் இருக்கிறது. பிறகு செபமாலையை எடுத்து, மூன்றாவது பத்தின் மணியை இரண்டு விரலால் பிடித்தபடியே போன் மேல் வைத்தார். போனை இரண்டு தடவை தட்டினார். "அது" என்றார்.

எனக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. இரண்டு வருஷமாக அவர் மறக்கவில்லை அப்பு. உனக்காக விட்டுக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் இருமினதும், கதவைப் பார்த்ததும் அதற்குத்தான். நான்தான் ஒவ்வொரு நாளும் உன் இடத்தைப் பறித்து என் வாயில் போட்டுக்கொண்டிருந்தேன். நேற்று நான் வாய் திறக்கவில்லை. சிவப்பு பல்பு வெளிச்சத்தில் இரண்டு கிழடுகளும் போனைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். நான் அழுதேன். அவர் அழவில்லை. பிறகு நான்காவதை ஆரம்பித்தார்.

செபம் முடிந்ததும் புத்தி பழைய இடத்துக்குத்தான் போனது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்பியத்து வாட்ஸப் குரூப்பைத் திறந்து, என் மருமகளுக்காக மன்றாடுங்கள் என்று எழுதிவிட்டேன். அனுப்புகிற இடத்தில் விரல் நின்றது. அழித்துவிட்டேன். காலையில் பால் வாங்கப் போன இடத்தில் பக்கத்து வீட்டு டெய்சி அக்கா, "மகன் வீட்ல எல்லாம் சௌக்கியமா?" என்று கேட்டாள். சௌக்கியம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்தத் தடவை நீ சொன்னது என்னிடமும் அப்பாவிடமும்தான் இருக்கிறது. அப்பா யாரிடமும் சொல்லமாட்டார் என்று உனக்கே தெரியும். என்னைத்தான் நீ நம்ப வேண்டும்.

நான் ஓசூருக்கு வர முடியாது. இவரை யாரிடம் விட்டுவிட்டு வருவேன்? ஸ்டெல்லாவுக்கு அவள் அம்மா கூட இருப்பதால் மனசைத் தேற்றிக்கொள்கிறேன். உனக்கு யார் இருக்கிறார்கள் என்பதுதான் என் கவலை. உன் பயத்தை ஸ்டெல்லாவிடம் மறைக்காதே. அவளும் உன்னிடம் மறைத்துக்கொண்டுதான் இருப்பாள். எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி ஆண்டவர் பேரில் சொல்லி உன்னை இன்னொரு தடவை ஏமாற்றமாட்டேன்.

திங்கட்கிழமை ஏழரைக்கு நான் போன் போடுகிறேன். எடுப்பதும் எடுக்காததும் உன் இஷ்டம். எடுத்தால், படமும் பல்பும் தேவையில்லை, கட்டில் மேலேயே இரண்டு பேரும் உட்காருங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடு உட்கார். முதல் இரண்டு பத்தை அப்பா சொல்வார். மூன்றாவது, இயேசு பிறந்தது, உன்னுடையது. அந்த இடத்தில் அவர் நிறுத்துவார். நான் எடுக்கமாட்டேன். உனக்கு வார்த்தை மறந்துபோயிருந்தால் போனை வைக்காமல் சும்மா இரு, மூச்சு கேட்டால் போதும், நாங்கள் உட்கார்ந்திருப்போம். சொல்வதாக இருந்தால் மெதுவாகச் சொல்.

அப்பா முழித்துவிட்டார். "அது" என்கிறார். தண்ணீர்தான், கொடுத்துவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீ ஆஸ்பத்திரியில் எந்த நிலைமையில் இருப்பாயோ, அன்றைக்குக் கூப்பிடமாட்டேன். அன்று மூன்றாவது பத்து முள்முடி. அதை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லி யூகேஜி படிக்கும்போது கேட்டாய், உனக்கு வந்ததை நீதான் சொல்லணும் என்று சொல்லிவிட்டேன். இந்தச் செவ்வாய்க்கிழமை அதை நான் எடுத்துக்கொள்கிறேன் அப்பு. அப்பாவிடமும் கேட்டுவிட்டேன். சரி என்று தலையாட்டினார்.

அம்மா